ஆப்பிரிக்க மண்ணில் எடுக்கப்பட்ட பழைய ஹாலிவுட் சாகசப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படங்களை இந்த வகையில் சேர்க்கலாம்?

1930களின் தொடக்கத்திலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை, ஹாலிவுட் நிறுவனங்கள் தங்கள் நட்சத்திரங்களையும் கேமராக்களையும் சுமந்துகொண்டு போய், கென்யா, உகாண்டா, தாங்கனீக்கா, பெல்ஜியக் காங்கோ போன்ற இடங்களில் எடுத்துவந்த சாகசக் கதைப்படங்களையே இங்கே சொல்கிறேன். தாங்கனீக்கா என்பது இன்றைய தான்சானியாவின் நிலப்பகுதி. பெல்ஜியக் காங்கோ இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு. ‘டிரேடர் ஹார்ன்’ (1931), ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ (1950), ‘தி ஆப்பிரிக்கன் குயீன்’ (1951), ‘மொகாம்போ’ (1953), ‘ஹட்டாரி’ (1962) ஆகிய ஐந்தையும் பார்த்துவிட்டால் இந்த வகையின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டதாகவே கொள்ளலாம். இவற்றுள் ‘தி ஆப்பிரிக்கன் குயீன்’ பிரிட்டிஷ்–அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பு. ஆனால் இயக்குநரும் இரு முதன்மை நடிகர்களும் ஹாலிவுட்டைச் சேர்ந்தவர்கள் என்பதால் அதை ஒதுக்க மனம் வரவில்லை.

டார்ஜான் படங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அவற்றுள் புகழ்பெற்றவை ஆப்பிரிக்காவில் எடுக்கப்படவில்லை என்பதால்தான். ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜானி வைஸ்முல்லர் நடித்த 1932ஆம் ஆண்டின் ‘டார்ஜான் தி ஏப் மேன்’ லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் தோப்புகளிலும் எடுக்கப்பட்டது. அதில் வரும் யானைகள் ஆசிய யானைகள். ஆப்பிரிக்க யானை போலத் தோன்றுவதற்காக அவற்றுக்குப் பெரிய செயற்கைக் காதுகளை மாட்டிவிட்டார்கள். கோயில் யானையைப் பார்த்து வளர்ந்தவர்களை இப்படி ஏமாற்ற முடியாது. காது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நெற்றியில் இரண்டு மேடுகளும் நடுவில் உயர்ந்து வளைந்த முதுகும் ‘நான் உங்கள் ஊர்க்காரன்’ என்று சொல்லிவிடும். ஆப்பிரிக்க யானையின் முதுகு நடுவில் பள்ளம் விழுந்திருக்கும்.

அந்தப் படத்திலும் உண்மையான ஆப்பிரிக்கா சிறிது இருக்கிறது என்பது வேறு கதை. அதே எம்.ஜி.எம். நிறுவனம், அதே இயக்குநர் டபிள்யூ. எஸ். வான் டைக், முந்தைய படமான ‘டிரேடர் ஹார்ன்’ எடுத்தபோது மிஞ்சிய காட்சிகளைப் பின்புறத் திரையில் ஓட்டி, அதன் முன்னால் நடிகர்களை நிறுத்திப் படம்பிடித்தார்கள். நம் திரையுலகில் பேக் புரொஜக்ஷன் என்று சொல்கிறோமே, அதுதான். கதாநாயகியும் அவளுடைய தந்தையும் ஆப்பிரிக்க மக்களைச் சுட்டிக்காட்டிப் பேசும்போது, இரு தரப்பினர்மேலும் விழும் வெளிச்சம் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்பதை இன்றும் காணலாம்.

‘டிரேடர் ஹார்ன்’ படத்தின் தயாரிப்பு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பேசும்படம் வந்த புதிதில், 1929இல், ஒலிப்பதிவுக் கருவிகளோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பல மாதங்கள் தங்கி ஒரு கதைப்படம் எடுப்பது என்பது அதுவரை எந்தப் பெரிய நிறுவனமும் துணியாத காரியம். குழுவில் பலர் நோயுற்றார்கள். கதாநாயகியாக நடித்த எட்வினா பூத் கடுமையாக நோய்வாய்ப்பட்டுத் திரும்பி, பின்னர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். அவருடைய திரைவாழ்வு ஏறக்குறைய அத்தோடு முடிந்துபோனது. அங்கே எடுத்த ஒலி போதாமல், பேச்சுக் காட்சிகள் பலவற்றை ஊர் திரும்பிய பிறகு மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது. படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது, வசூலும் செய்தது.

இன்று அதைப் பார்ப்பவருக்குக் கதை பாதியில் நின்று, ஓர் ஆள் விலங்குகளை வரிசையாகக் காட்டிப் பெயர் சொல்லும் நீண்ட பகுதி அலுப்பூட்டக்கூடும். 1931இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர் அதற்காகவே காசு கொடுத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

1950களில் மட்டும் இத்தனை படங்கள் அங்கே எடுக்கப்படக் காரணம் என்ன?

கலை ஆர்வத்தைவிடக் கணக்குப் புத்தகம்தான் பெரிய காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனிடம் டாலர் இல்லை. அமெரிக்கப் படங்கள் அங்கே ஈட்டும் பணம் நாட்டைவிட்டுப் போவதைத் தடுக்க 1947இல் 75 சதவீத வரி விதித்தது; ஹாலிவுட் புதிய படங்களை அனுப்புவதையே நிறுத்தியது; 1948இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலரை மட்டுமே அமெரிக்க நிறுவனங்கள் வெளியே எடுத்துச் செல்லலாம். மீதிப் பணம் பவுண்டாகவே முடங்கிக் கிடந்தது. முடங்கிய பவுண்டைப் பவுண்டு செல்லும் இடத்தில்தானே செலவழிக்க முடியும்? கென்யாவும் உகாண்டாவும் தாங்கனீக்காவும் அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தன; அங்கே புழங்கிய ஷில்லிங் பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. லண்டனில் ஒரு ஸ்டூடியோ, கிழக்கு ஆப்பிரிக்காவில் வெளிப்புறப் படப்பிடிப்பு என்ற ஏற்பாடு இப்படித்தான் நிலைபெற்றது.

வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. வீட்டுக்குள் நுழைந்துவிட்ட தொலைக்காட்சியின் சிறிய கறுப்பு வெள்ளைத் திரையால் தர முடியாததைத் திரையரங்கம் தர வேண்டியிருந்தது. வண்ணமும் விரிந்த நிலமும் அதற்கு ஏற்றவை. 18 மாதங்களில் 17 மாதங்கள் வெளிநாட்டில் தங்கி உழைத்த அமெரிக்கருக்கு அந்த வருமானத்தின்மேல் வரிவிலக்கு அளித்த 1951ஆம் ஆண்டுச் சட்டம் நட்சத்திரங்களுக்கும் பயண ஆசையைக் கிளப்பிவிட்டது.

கதைகள் மிகவும் எளியவை. பாத்திரங்கள் பழகிய அச்சில் வார்த்தவை. அப்படியிருக்க, இவற்றை இன்றும் ஏன் பார்க்க வேண்டும்?

கதைக்காகப் பார்க்க வேண்டாம் என்பதே என் விடை. பெரும்பாலானவற்றின் கதையை ஓர் அஞ்சலட்டையில் எழுதி, விலாசத்துக்கும் இடம் விட்டுவிடலாம். காணாமற்போன கணவனைத் தேடும் மனைவி, அவளுக்கு வழிகாட்டும் முரட்டு வேட்டைக்காரர், வழியில் பாம்பு, முடிவில் காதல். இவை எல்லாம் பயணத்தைக் கட்டி இழுக்கும் கயிறு மட்டுமே.

நம்மைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. நடிப்பதற்கு ஒப்புக்கொள்ளாத ஓர் இடத்தின் நடுவே, நடிப்பதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர்கள் நிற்கிறார்கள். செட் போட்ட காட்டில் இலை கூட இயக்குநர் சொன்னால்தான் அசையும். சவான்னாப் புல்வெளியில் காற்று எப்போது வேண்டுமானாலும் வீசும். தூரத்தில் ஒட்டகச்சிவிங்கி தன் பாட்டுக்குக் கடந்துபோகும். வெயிலில் கண்ணைச் சுருக்கும் நடிகர் நடிப்புக்காகச் சுருக்கவில்லை. முன்கூட்டி எழுதப்படாத இத்தகைய நொடிகளே இந்தப் படங்களின் செல்வம். கதை கற்பனை, ஆனால் அந்த நாளில் அந்த இடத்தில் இவர்கள் நின்றார்கள் என்பது மட்டும் உண்மை. அந்த உண்மையின் சாட்சியாகத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கணினியில் வரைந்த காட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் அருமை இன்னும் கூடியிருக்கிறது.

இவற்றுள் சிறந்தது எது?

தயங்காமல் ‘தி ஆப்பிரிக்கன் குயீன்’ என்று சொல்வேன். சி. எஸ். ஃபாரெஸ்டர் 1935இல் எழுதிய நாவலை ஜான் ஹூஸ்டன் படமாக்கினார். 1914, முதல் உலகப் போர் தொடங்கிய நேரம், ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்கா. மதப் பரப்புநரின் தங்கையான ரோஸ், ஓட்டை நீராவிப் படகு ஒன்றை ஓட்டும் குடிகாரன் சார்லி. இருவரும் அந்தப் படகிலேயே ஆற்றில் இறங்கி, ஏரியில் காவல் நிற்கும் ஜெர்மானியக் கப்பலை வெடிவைத்து மூழ்கடிக்கக் கிளம்புகிறார்கள். ரோஸாக கேதரின் ஹெப்பர்னும் சார்லியாக ஹம்ஃப்ரி போகார்ட்டும் நடித்தார்கள். போகார்ட் தம் வாழ்நாளில் பெற்ற ஒரே ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான். நாவலில் சார்லி லண்டன் தொழிலாளி. அந்தப் பேச்சு போகார்ட்டின் நாவில் படியாததால் படத்தில் அவனைக் கனடாக்காரனாக மாற்றிவிட்டார்கள்.

தொடக்கத்தில் வரும் தேநீர்க் காட்சி ஒன்றைச் சொன்னால் படத்தின் தரம் புரியும். வெள்ளை விரிப்பிட்ட மேசையில் அண்ணனும் தங்கையும் மரியாதையாகத் தேநீர் பருகுகிறார்கள். எதிரே அழுக்குச் சட்டையோடு சார்லி. அவன் வயிறு உரக்க உறுமுகிறது. அண்ணனும் தங்கையும் கேட்காதவர்போல ரொட்டியை நீட்டுகிறார்கள். வயிறு மறுபடி உறுமுகிறது. சார்லி வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்கிறான். அவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவந்த நாகரிகத்தை அந்த மேசைவிரிப்பைப் போல் கசங்காமல் காக்கப் படும் பாட்டை, ஒரு வசனமும் சொல்லாததை, ஒரு வயிற்றுச் சத்தம் சொல்லிவிடுகிறது.

ஹெப்பர்ன் முதலில் ரோஸை இறுகிய முகத்தோடு நடித்தாராம். ஹூஸ்டன் அவரைத் தனியே சந்தித்து, போரில் காயமுற்ற வீரர்களைப் பார்க்கப் போகும் எலினோர் ரூஸ்வெல்ட்டின் (போர்க்கால அமெரிக்க அதிபரின் மனைவி) புன்னகையை நினைத்துக்கொள்ளச் சொன்னார். தமக்குக் கிடைத்த இயக்குநர் அறிவுரைகளிலேயே சிறந்தது அதுதான் என்று ஹெப்பர்ன் பிற்காலத்தில் எழுதினார். படம் முழுவதும் அந்தப் புன்னகை எத்தனை வேலை செய்கிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

படப்பிடிப்பில் எல்லாரும் நோயுற்றும் போகார்ட்டும் ஹூஸ்டனும் மட்டும் தப்பித்ததாகச் சொல்வது உண்மையா?

உண்மைதான். பெல்ஜியக் காங்கோவில் ருயிக்கி என்ற கரிய நீரோடும் ஆற்றங்கரையில் மூங்கிலும் ஓலையும் கொண்டு முகாம் அமைத்துத் தங்கினார்கள். பின்னர் உகாண்டாவில் ஆல்பர்ட் ஏரிக்கரையிலும் மர்ச்சிசன் அருவிப் பக்கத்திலும் படம்பிடித்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் உட்படப் பலருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. போகார்ட்டும் ஹூஸ்டனும் தண்ணீருக்குப் பதிலாக விஸ்கியையே நம்பியிருந்ததால் அவர்களை ஒன்றும் அண்டவில்லை. அவர்கள் குடிப்பதைக் கண்டிக்கும் வகையில் பிடிவாதமாகத் தண்ணீரே குடித்த ஹெப்பர்ன்தான் மோசமாக நோயுற்றார். முதற்காட்சியில் தேவாலயத்தில் அவர் ஆர்கன் வாசிக்கும்போது, கேமராவின் பார்வைக்கு வெளியே ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையில் அவர் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். அது தெரிந்த பிறகு அந்த வெளிறிய முகத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது.

படகு ஓரிரவில் மூழ்கிப்போன கதையும் உண்டு. காவலுக்கு நின்ற உள்ளூர்க்காரர்களிடம் ‘படகைப் பார்த்துக்கொள்’ என்று சொல்லியிருந்ததாகவும், அவர்கள் அது மூழ்குவதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் ஹூஸ்டன் தரப்பினர் வேடிக்கையாகச் சொல்வார்கள். இதைச் சிரித்துக்கொண்டு திருப்பிச் சொல்லுமுன், கதையை ஒரு தரப்பு மட்டுமே சொல்லியிருக்கிறது என்பதை எண்ணிப்பார்க்கலாம். அந்தப் படகை நீரிலிருந்து தூக்கி நிறுத்திய கைகளும் உள்ளூர்க் கைகளே.

எந்தக் காட்சி அங்கே எடுத்தது, எது ஸ்டூடியோவில் எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். ‘தி ஆப்பிரிக்கன் குயீன்’ படத்தில் போகார்ட்டும் ஹெப்பர்னும் நீருக்குள் இறங்கும் காட்சிகள் எல்லாம் லண்டனை அடுத்த ஐல்வொர்த் ஸ்டூடியோவின் தொட்டியில் எடுக்கப்பட்டவை. ஆப்பிரிக்க ஆற்றில் நட்சத்திரங்களை இறக்குவது ஆபத்து என்று கருதினார்கள். சார்லி உடம்பெல்லாம் இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் ஒட்ட, நடுங்கிக்கொண்டு படகில் ஏறும் புகழ்பெற்ற காட்சியும் அங்கேதான். ஹூஸ்டன் உயிருள்ள அட்டைதான் வேண்டும் என்றார். போகார்ட் முடியாது என்றார். கடைசியில் அவர் உடம்பில் ரப்பர் அட்டைகளை ஒட்டிவிட்டு, அட்டை வளர்ப்பவரின் மார்பில் உயிருள்ள அட்டையை விட்டு நெருக்கக் காட்சி எடுத்தார்கள்.

அடுத்து முகத்தின்மேல் விழும் ஒளி. நிலநடுக்கோட்டுச் சூரியன் உச்சியிலிருந்து இறங்குவதால் கண்குழியும் மோவாயின் கீழும் இருட்டாக இருக்கும். ஸ்டூடியோவில் முகம் எல்லாப் பக்கமும் சமமாக ஒளிரும். மூன்றாவதாகத் தலைமுடி. ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ படத்தில் டெபோரா கெர் வெப்பம் தாளாமல் நீண்ட கூந்தலைத் தாமே கத்தரித்துக்கொண்டு சுனையில் குளிக்கிறார். கரையேறி உலர்த்தியதும் அது அழகுநிலையத்திலிருந்து வந்ததுபோல் சுருள் சுருளாக அமைந்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ படத்தில் பின்னணி இசையே இல்லை என்கிறார்களே?

ஹாலிவுட் வழக்கப்படியான இசைக்குழு இசை அதில் இல்லை. முரசொலியும் பாட்டும் விலங்குகளின் குரலும் காற்றும்தான். 1950இல் இவ்வளவு பெரிய செலவில் எடுத்த வண்ணப்படத்தில் வயலின்களை விலக்கியது பெரிய துணிச்சல். அதன் பயனைக் காட்டும் இடம், காட்டுத்தீ மூண்டு வரிக்குதிரைகளும் மான்களும் ஒட்டகச்சிவிங்கிகளும் கூட்டங்கூட்டமாகப் பாய்ந்துவர, நாயகனும் நாயகியும் ஒரு தடுப்பின் பின்னே ஒடுங்கிக் கிடக்கும் காட்சி. குளம்பொலி மட்டும் வளர்ந்து வளர்ந்து காதை நிறைக்கிறது. பயப்படு என்று நமக்குச் சொல்ல இசை தேவைப்படவில்லை. ஒளிப்பதிவுக்காக ராபர்ட் சர்ட்டீஸும், படத்தொகுப்புக்காக அதன் தொகுப்பாளர்கள் இருவரும் ஆஸ்கர் பெற்றார்கள்.

இந்தப் படத்தில் பயன்படாமல் எஞ்சிய காட்சிகளை எம்.ஜி.எம். வீணாக்கவில்லை. ‘வாட்டுசி’ (1959), அதே ஆண்டின் புதிய டார்ஜான் படம், 1973இல் வந்த ‘டிரேடர் ஹார்ன்’ மறுதயாரிப்பு என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் அவை ஓடிக்கொண்டிருந்தன. பழைய சோற்றில் மறுநாள் நீர் ஊற்றுவதுபோல.

ஆப்பிரிக்க மக்களை இந்தப் படங்கள் எப்படிக் காட்டுகின்றன?

மோசமாக, பெரும்பாலும். அவர்கள் சுமை தூக்குகிறார்கள், முரசடிக்கிறார்கள், ஈட்டியோடு தோன்றுகிறார்கள், வெள்ளைக்காரர் ஒருவரைக் காப்பதற்காக இறக்கிறார்கள். அவர்கள் பேசுவதைப் பெரும்பாலும் எவரும் மொழிபெயர்ப்பதில்லை. நிலத்தின் ஒலிகளுள் ஒன்றாக அதுவும் கலந்துவிடுகிறது. ‘டிரேடர் ஹார்ன்’ போன்ற முற்காலப் படங்களில் வரும் வசைச்சொற்களை இன்று காதுகொடுத்துக் கேட்பதே கடினம்.

இதைவிட நுட்பமான குறை, படம் எடுக்கப்பட்ட நேரத்தில் அந்நாடுகளில் நடந்துகொண்டிருந்ததைக் கண்ணில் படாமல் மறைத்தது. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க 1952 அக்டோபரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஜான் ஃபோர்டின் ‘மொகாம்போ’ படக்குழு கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலையைத் தொடங்கியது. குழுவினரின் பாதுகாப்புக்குக் காவல் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. படத்திலோ கிளர்ச்சியின் நிழல்கூட இல்லை. நாயகன் கிளார்க் கேபிளை எந்தப் பெண் அடைவாள் என்பதுதான் அந்தக் கண்டத்தின் தலையாய பிரச்சினை.

‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ இந்த விதியிலிருந்து ஓரளவு விலகுகிறது. உம்போப்பா என்ற இளவரசனாக வரும் சிரியாக், அரசனாக வரும் பசிகா ஆகியோருக்குப் பெயரும் கம்பீரமும் உண்டு. ருவாண்டா–உருண்டியில் (இன்றைய ருவாண்டா, புருண்டி) எடுத்த, தூத்ஸி இனத்தவரின் நடனக் காட்சியில், வைக்கோல்நிறத் தலைச்சூட்டு அசைய நெடிய ஆடவர்கள் தலையைச் சுழற்றி ஆடும்போது, கேமரா வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு வியந்து நிற்பதை உணரலாம். அந்தக் காட்சிகளை ‘வாட்டுசி’யில் மறுபடி ஓட்டிய அதே 1959ஆம் ஆண்டின் நவம்பரில் ருவாண்டாவில் கலவரம் வெடித்தது, தூத்ஸிகள் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டு ஓடினார்கள், 1961இல் அரசாட்சியே ஒழிக்கப்பட்டது. அரசவை மரபில் வளர்ந்த ஒரு கலையை, அந்த அரசவை கலைவதற்குப் பத்தாண்டுக்கு முன், நல்ல வண்ணத்தில் பதிவுசெய்து வைத்திருப்பது ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ என்ற இந்தப் புதையல் வேட்டைக் கதைதான்.

நிலத்தை வெறும் மேடையாகக் கருதியதற்கு இன்னொரு சான்று ‘தி நேக்கட் பிரே’ (1966). துரத்தப்படும் தனி மனிதன் ஒருவனின் கதையான அது, உண்மையில் அமெரிக்காவில் ஜான் கோல்ட்டர் என்பவரைப் பூர்வகுடியினர் துரத்திய நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. தென்னாப்பிரிக்காவில் எடுத்தால் செலவு குறையும் என்பதால் கண்டம் மாறியது. ஆனாலும் துரத்துபவர்களின் தலைவனாக வரும் கென் கம்பு என்ற தென்னாப்பிரிக்க நடிகர், நாயகனுக்குச் சற்றும் குறையாத ஆளுமையோடு அதில் நிற்கிறார். தன் தோழன் இறந்ததும் அவர் அழும் இடத்தில் படம் ஒரு கணம் கட்சி மாறிவிடுகிறது.

விலங்குகள் துன்புறுத்தப்பட்டனவா?

ஆம். ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ தொடக்கத்தில் ஒரு யானை சுடப்பட்டு விழுகிறது. உடனிருந்த யானைகள் அதைத் தூக்கி நிறுத்த முயல்கின்றன. அது நடிப்பன்று. அதைப் பார்க்க விரும்பாதவர்கள் முதல் சில நிமிடங்களைத் தவிர்த்துவிடலாம்.

ஜான் ஹூஸ்டனுக்கும் ஆப்பிரிக்கா போனதும் யானை வேட்டையாடும் ஆசை பிடித்துக்கொண்டது. படப்பிடிப்பைக்கூட அதற்காகத் தள்ளிவைத்தார் என்ற குறை இருந்தது. உடன் சென்ற எழுத்தாளர் பீட்டர் வியர்ட்டெல் அதையே கருவாக்கி 1953இல் ஒரு நாவல் எழுத, 1990இல் கிளிண்ட் ஈஸ்ட்வுட் அதைப் படமாக்கினார். இதே ஹூஸ்டன்தான் 1958இல் யானைகளைக் காப்பதற்காக உலகையே எதிர்க்கும் மனிதனின் கதையான ‘தி ரூட்ஸ் ஆஃப் ஹெவன்’ படத்தைப் பிரெஞ்சு ஆப்பிரிக்காவின் கொடும் வெயிலில் எடுத்தார்.

‘ஹட்டாரி’ படத்தில் நடிகர்களே விலங்குகளைப் பிடித்தார்களா?

பிடித்தார்கள், அந்தப் படம் இன்றும் நம்மை இருக்கையின் நுனிக்கு இழுப்பதற்கு அதுவே காரணம். ‘ஹட்டாரி’ என்றால் சுவாஹிலி மொழியில் ஆபத்து. விலங்குக்காட்சி சாலைகளுக்காக விலங்கு பிடிக்கும் குழு ஒன்றின் கதை. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், தாங்கனீக்காவில் அருஷா நகருக்கு அருகில் முகாமிட்டு, ஜான் வெய்ன் முதலான நடிகர்களை டூப் இல்லாமல் துரத்தல் வண்டிகளில் ஏற்றினார். திரைக்கதை முழுமையாகக் கையில் இல்லை. எந்த விலங்கு எப்படிப் பிடிபடுகிறதோ அதற்கேற்பப் பிற காட்சிகள் எழுதப்பட்டன.

துரத்தல் வண்டியைச் சற்று உற்றுப் பாருங்கள். லாரியின் முன்பக்க ஓரத்தில், சக்கரத்துக்கு மேலே ஓர் இருக்கை பொருத்தியிருக்கும். அதில் ஜான் வெய்ன் இடுப்பில் பட்டைகட்டி உட்கார்ந்து, நுனியில் சுருக்குக் கயிறு கோத்த நீண்ட கழியைப் பிடித்திருப்பார். வண்டி மேடுபள்ளத்தில் தூக்கிப் போட, கைக்கெட்டும் தூரத்தில் காண்டாமிருகம் மூச்சிரைக்க ஓடுகிறது. திடீரெனத் திரும்பி வண்டியையே முட்டுகிறது. தகரம் நசுங்கும் சத்தம் கேட்கிறது. வெய்னின் முகத்தில் அப்போது தோன்றுவது வசனப் புத்தகத்தில் எழுதிவைத்தது அன்று. துரத்தல் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்து காதல் பேசத் தொடங்கும்போது படம் தளர்ந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அரைமணி நேரத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். ஆனால் ஹென்றி மான்சினியின் இசைக்கு யானைக்குட்டிகள் நடைபோடும் பகுதியில் கை வைக்கக் கூடாது.

இன்று அந்தத் துரத்தல்களைப் பார்க்கும்போது வேறொரு கலக்கமும் சேர்ந்துகொள்கிறது. 1970இல் ஆப்பிரிக்காவில் சுமார் 65,000 கருப்புக் காண்டாமிருகங்கள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. கொம்புக்காக வேட்டையாடி, 1990களின் நடுவில் அவற்றை ஏறக்குறைய 2,400 ஆகக் குறைத்துவிட்டார்கள். பின்னணியில் தெரிந்த கிளிமஞ்சாரோவின் பனியும் 1912க்குப் பிறகு 80 சதவீதத்துக்கு மேல் கரைந்துவிட்டது.

‘மொகாம்போ’ பார்க்கத் தகுந்ததா?

ஏவா கார்ட்னருக்காகப் பார்க்கலாம். கிளார்க் கேபிள் 1932இல் நடித்த ‘ரெட் டஸ்ட்’ படத்தின் மறுதயாரிப்பு இது. 21 ஆண்டுகள் கழித்து அதே நாயகன் வேடத்தில் அவரே நடித்தார். கார்ட்னரும் கிரேஸ் கெல்லியும் இதற்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்கள். ஸ்பெயினில் தணிக்கைக் குழு, மணமான பெண் வேறொருவரை விரும்புவதைக் காட்டக் கூடாது என்று கெல்லியையும் அவர் கணவரையும் டப்பிங்கில் அண்ணன் தங்கையாக மாற்றிவிட்டது. திரையில் அந்த ‘அண்ணன் தங்கை’ ஒரே கூடாரத்தில் தங்குவதைப் பார்த்து ஸ்பானிய ரசிகர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

குழந்தைகளோடு பார்க்க எது ஏற்றது? எந்த வரிசையில் பார்க்கலாம்?

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ‘ஹட்டாரி’. பெரியவர்கள் ‘தி ஆப்பிரிக்கன் குயீன்’ படத்தில் தொடங்கி, ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ பார்த்து, ஆர்வம் குறையாமலிருந்தால் ‘டிரேடர் ஹார்ன்’ வரை பின்னோக்கிப் போகலாம். முடிந்தவரை பெரிய திரையில், வண்ணம் சீர்செய்யப்பட்ட பதிப்பில் பாருங்கள். கைப்பேசியில் பார்த்தால் கதை மட்டுமே மிஞ்சும்.

‘தி ஆப்பிரிக்கன் குயீன்’ படகு இப்போது எங்கே இருக்கிறது?

1912இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் சரக்கும் ஆளும் ஏற்றி உழைத்துக்கொண்டிருந்த அசல் படகு அது. இப்போது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கீ லார்கோ என்ற ஊரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறது. கதையில் வரும் ஜெர்மானியப் போர்க்கப்பலுக்கும் ஓர் அசல் உண்டு. ‘கிராஃப் ஃபான் கோட்சென்’ என்ற கப்பலை 1913இல் ஜெர்மனியில் கட்டி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுபோய் தாங்கனீக்கா ஏரிக்கரையில் பூட்டினார்கள். 1916இல் எதிரி கையில் சிக்காதபடி, இயந்திரத்துக்கு நன்றாக மசகுபூசி, ஜெர்மானியர்களே அதை ஏரியில் மூழ்கடித்தார்கள். 1924இல் பிரிட்டிஷார் வெளியே எடுத்துச் சீர்செய்தார்கள். 1927இல் ‘லியெம்பா’ என்ற புதுப் பெயரோடு ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல், படத்தில் சார்லியும் ரோஸும் அதன் சாயலை வெடிவைத்துத் தகர்த்த பிறகும் பல தலைமுறைகளாக அதே ஏரியில் ஊர் ஊராக நின்று, உலர்மீன் மூட்டைகளையும் அன்னாசிப் பழங்களையும் ஆட்களையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.